மின்கலத்தை ஏற்றுதலும் கழற்றுதலும்

மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியிலோ, பக்கவாட்டு மூடிக்குப் பின்னாலோ, வெளியே தெரியாமல் அமர்ந்திருக்கும் அந்தச் சிறு பெட்டியைப் பற்றி, அது தன் கடமையைத் தவறாமல் செய்துவரும் காலம் வரையில் வண்டிக்காரர் எவரும் சிந்திப்பதில்லை. சில வாரம் ஓட்டாமல் நிறுத்திவைத்த வண்டியை ஒரு நாள் காலையில் வெளியே எடுத்து, செல்ஃப் பொத்தானை அழுத்தும்போது, இஞ்சின் சுழல்வதற்குப் பதிலாக 'டக், டக்' என்ற ஓசை மட்டுமே எழுந்து, விளக்கும் மங்கி, ஹாரனும் அடித்தொண்டையில் முனகுமானால், அப்பொழுதுதான் பேட்டரி என்ற ஒன்று நினைவுக்கு வருகிறது. பட்டறையில் உள்ள மெக்கானிக் அதைக் கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் விடுவிக்கிறார். இரவு முழுவதும் மெதுவாகச் சார்ஜ் போடுகிறார். மாட்டும்போது அதே மைனஸ் முனையைக் கடைசியாகப் பூட்டுகிறார். குருவிடமிருந்து சீடனுக்கு வாய்மொழியாகவே வந்துகொண்டிருக்கும் இந்த நியமங்களுள் ஒன்றேனும் வெறும் சம்பிரதாயம் அன்று என்பதையும், ஒவ்வொன்றுக்கும் அப்பெட்டிக்குள் நிகழும் ரசாயன மாற்றத்திலோ வண்டியின் மின்சுற்று அமைப்பிலோ திட்டமான காரணம் உண்டு என்பதையும் எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். காரணத்தை அறியாமல் நியமத்தை மட்டும் கைக்கொள்பவர், நிலைமை சற்று மாறினாலும் திகைத்துப்போவார். காரணத்தை அறிந்தவருக்கோ புதிய வண்டியும் பழைய வண்டியும் ஒன்றே.

முதலில் களைய வேண்டிய எண்ணம் ஒன்று உண்டு. பெட்ரோல் தொட்டியில் பெட்ரோல் நிறைந்திருப்பதைப் போலப் பேட்டரிக்குள் மின்சாரம் நிறைந்திருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முழுதும் ஏற்றப்பட்ட பேட்டரியிலும், முழுதும் இறங்கிப்போன பேட்டரியிலும் உள்ள எலெக்ட்ரான்களின் தொகை ஒன்றேதான். ஒரு முனை வழியாக எத்தனை வெளியேறுகின்றனவோ அத்தனையும் மற்றொரு முனை வழியாகத் திரும்பி வந்துவிடுகின்றன. அங்கே சேமித்து வைக்கப்படுவது மின்சாரம் அன்று. சந்தர்ப்பம் கிடைத்தால் மாற்றம் அடையக் காத்திருக்கும் பொருள்களின் ஒரு நிலை. அந்த மாற்றம் நிகழும்போது மின்சாரம் பிறக்கிறது. வெளியிலிருந்து மின்சாரத்தை எதிர்த்திசையில் செலுத்தினால் பொருள்கள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இவ்வாறு திரும்பக்கூடிய தன்மையே இந்தச் சாதனத்தின் உயிர்நாடி.

இத்தன்மையை உலகம் பயன்படுத்திக்கொள்ள வழிவகுத்தவர் காஸ்டன் பிளாண்டே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி. 1859-ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயது இளைஞராக இருந்த அவர், மெல்லிய காரீயத் தகடுகள் இரண்டை எடுத்து, ஒன்றையொன்று தொடாதவாறு இடையே பிரிப்புப் பட்டைகளை வைத்து, பாயைப்போலச் சுருட்டி, நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தி, அவற்றின் வழியே மின்சாரம் செலுத்திப் பார்த்தார். செலுத்திய மின்சாரத்தின் பெரும்பகுதி பின்னர் திரும்பக் கிடைத்தது. அவ்வாறு ஏற்றுவதும் இறக்குவதுமாகப் பன்முறை செய்யச் செய்ய, தகடுகளின் கொள்திறனும் வளர்ந்துகொண்டே வந்தது. ஆனால் அக்காலத்தில் மின்சாரம் செலுத்துவதற்கு வேறு ரசாயனக் கலங்களைத்தான் நாட வேண்டியிருந்தது. தகடுகளைப் பதப்படுத்தி முடிக்க மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டியிருந்தது. 1881-இல் காமீய் ஃபோர் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர், காரீய ஆக்ஸைடைக் குழைத்துத் தகட்டின்மேல் அப்பிவிடும் முறையைக் கண்டு, அந்த நெடிய காத்திருப்பைப் போக்கினார். அவ்வாண்டே அவருடைய கலங்கள் பாரிஸிலிருந்து கிளாஸ்கோ நகருக்கு எடுத்துச் செல்லப்பட்டு, பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்ற வில்லியம் தாம்ஸனால் பரிசோதிக்கப்பட்டன. இன்று நம் வண்டியில் இருப்பது பெரும்பாலும் அந்தக் காரீயக் கலத்தின் நேர் வாரிசே. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் தத்துவத்தில் மாறாமல் நிலைத்திருக்கும் இத்தகைய சாதனங்கள் மின்சார உலகில் மிகச் சிலவே.

பெட்டிக்குள் நடப்பது என்ன? பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் தொடராகப் பிணைக்கப்பட்ட ஆறு கலங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் தருகிறது. மைனஸ் தகட்டில் இருப்பது பஞ்சுபோல் நுண்துளை நிறைந்த தூய காரீயம்; பிளஸ் தகட்டில் இருப்பது பழுப்பு நிறமான காரீய டையாக்ஸைடு. மின்சாரம் எடுக்கப்படும்போது இரு தகடுகளும் திராவகத்தில் உள்ள ஸல்பேட்டை உறிஞ்சிக்கொண்டு, இரண்டுமே ஒரே பொருளாக, அதாவது வெள்ளை நிறக் காரீய ஸல்பேட்டாக மாறத் தொடங்குகின்றன. திராவகமோ சாரம் இழந்து மேன்மேலும் நீராகிறது. இரு பக்கமும் ஒரே பொருளாகிவிட்டால் அவற்றிடையே வேற்றுமை இல்லை. வேற்றுமை இல்லையேல் மின்னோட்டமும் இல்லை. இந்த இரட்டை ஸல்பேட் விளக்கத்தை 1882-இல் கிளாட்ஸ்டன், டிரைப் என்ற இரு ஆங்கில ரசாயன நிபுணர்கள் அளித்தனர்.

திராவகமே இந்த மாற்றத்தில் செலவாவதால், அதன் அடர்த்தியை அளந்தே பேட்டரியின் உள்நிலையைக் கணித்துவிடலாம் என்பது எத்துணை அழகான ஏற்பாடு! மூடியைத் திறக்கக்கூடிய பழைய வகைப் பேட்டரியில், ஹைட்ராமீட்டரின் ரப்பர் குமிழை அழுத்தித் திராவகத்தை உறிஞ்சினால், முழுதும் ஏறியிருக்கும் கலத்தில் மிதவை 1.28 என்ற ஒப்படர்த்தியைக் காட்டும், 1.15-க்கு அருகே இறங்கிவிட்டால் கலம் ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது என்று பொருள். ஆறு கலங்களுள் ஐந்து ஒரே அளவைக் காட்ட, ஒன்று மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருக்குமானால், அந்த ஒன்று பழுதுற்றது என்பதும் விளங்கும். மூடி முத்திரையிடப்பட்ட புதிய வகைகளில் இந்த வசதி இல்லை; அங்கே வோல்ட் மீட்டர்தான் துணை. சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே போய்விட்டால் தாமதமின்றிக் கவனிக்க வேண்டும். சார்ஜரிலிருந்து எடுத்தவுடனே அளப்பது வீண். தகட்டின் மேற்பரப்பு மட்டும் அப்போது பொய்யான உயர்வைக் காட்டும்.

ரசாயன சாஸ்திரத்தின் சாதாரண கணக்குப்படி பார்த்தால் இந்தப் பேட்டரி இருக்கவே கூடாது என்பது வியப்புக்குரிய செய்தி. நீரை ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரிப்பதற்கு 1.23 வோல்ட் போதும். காரீயக் கலத்தின் மின்னழுத்தமோ 2.1 வோல்ட். அப்படியானால் கலம் தன்னிடமுள்ள நீரைத் தானே பிளந்து, சிறிது காலத்தில் தன் சக்தி முழுவதையும் இழந்துவிட வேண்டுமல்லவா? இழக்காமல் நிற்பதற்குக் காரணம், காரீயத்தின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் வாயு உருவாவது மிக மிக மந்தமாக நடைபெறுகிறது என்பதே. காரீயத்தின் இந்த மந்த குணம் இயற்கை நமக்கு அளித்த கொடை. தகட்டுச் சட்டம் உறுதிபெற வேண்டும் என்பதற்காக முற்காலத்தில் காரீயத்துடன் ஆன்டிமனியைக் கலந்தார்கள். அது அந்த மந்தத்தைக் குலைத்தது. ஆகையால் அக்காலப் பேட்டரிகளுக்கு அடிக்கடி நீர் வார்க்க வேண்டியிருந்தது. பின்னர் ஆன்டிமனிக்குப் பதிலாகக் கால்ஷியத்தைச் சேர்த்தபோது நீர் குறைவது வெகுவாகத் தணிந்தது.

இதைவிடவும் ஆழமான ஓர் அதிசயம் 2011-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றால் தெரியவந்தது. ஸ்வீடன் நாட்டு உப்சாலாவையும் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கியையும் சேர்ந்த அறிஞர்களான ராஜீவ் அஹுஜா, பெக்கா பியுக்கோ முதலியோர், காரீயக் கலத்தின் அழுத்தத்தை மூலதத்துவங்களிலிருந்தே கணித்துப் பார்த்தார்கள். காரீய அணுவின் கருவில் 82 புரோட்டான்கள் இருப்பதால், அதற்கு மிக அருகே இயங்கும் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேற்பட்ட வேகத்தை அடைகின்றன. அத்தகைய வேகத்தில் ஐன்ஸ்டீனின் சார்பியல் விதிகளைப் புறக்கணிக்க இயலாது. கணக்கின் முடிவு என்னவென்றால், 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை சார்பியல் விளைவுகளாலேயே கிடைக்கிறது என்பது. காலையில் பொத்தானை அழுத்தி வண்டியைக் கிளப்பும் ஒவ்வொருவரும், நட்சத்திரங்களை ஆராய்பவர்களுக்கு மட்டுமே உரியது என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு மகத்தான தத்துவத்தை, தம்மை அறியாமலே பிரயோகிக்கிறார் என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி, ஏற்றும் முறைக்கு வருவோம். ஆம்பியர்-மணியில் குறிக்கப்பட்ட கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் வீதம் செலுத்துக என்பது பட்டறைகளின் பழைய விதி. 5 ஆம்பியர்-மணி உள்ள பேட்டரிக்கு அரை ஆம்பியர். 9 உள்ளதற்கு ஓர் ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. வழியில் ஒரு பகுதி வீணாவதால், முழுதும் இறங்கிய பேட்டரிக்குப் பத்து மணி நேரத்தைக் காட்டிலும் சற்று அதிகமாகவே பிடிக்கும். இந்தப் பொறுமை எதற்காக? காரீய ஸல்பேட் திராவகத்தில் மிகச் சொற்பமாகவே கரையும் பொருள். ஏற்றும்போது அது துளித்துளியாகக் கரைந்து, மீண்டும் காரீயமாகவும் டையாக்ஸைடாகவும் தகட்டில் படிய வேண்டும். அங்ஙனம் விடுபட்ட திராவகம் தகட்டின் நுண்துளைகளிலிருந்து வெளியே விரவி வர வேண்டும். ஊறப்போட்ட பயறுக்குள் நீர் தன் வேளையில்தான் இறங்குமேயன்றி, அண்டா நீரைக் கொட்டினாலும் அவசரப்படுவதில்லை, இதுவும் அவ்வாறே. தகட்டால் ஏற்றுக்கொள்ள இயலாத அளவு மின்சாரத்தைச் செலுத்தினால், மிகுதியானது உஷ்ணமாகவும் வாயுவாகவும் வெளிப்பட்டு, தகட்டில் அப்பியுள்ள பொருளைக் குமிழிகளால் பெயர்த்துத் தள்ளிவிடும். கார் பேட்டரிக்கு உரிய பெரிய சார்ஜரை மோட்டார் சைக்கிள் பேட்டரியில் பூட்டி, ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொள்ள நினைப்பது அதன் ஆயுளை அறுத்துச் செலவிடுவதேயாகும்.

இன்றைய நல்ல சார்ஜர்கள் அழுத்தம் 14.4 வோல்ட்டை எட்டியதும் அங்கேயே நிறுத்திக்கொண்டு, மின்னோட்டம் தானாகத் தணிந்து வருமாறு செய்கின்றன. அதற்குக் காரணம் உண்டு: ஒரு கலத்தில் அழுத்தம் 2.4 வோல்ட் அளவை நெருங்கும்போது, முன்னே சொன்ன மந்த குணத்தையும் மீறி நீர் பிளவுபடத் தொடங்குகிறது. திறந்த வகைப் பேட்டரியில் இழந்த நீரைக் காய்ச்சி வடித்த நீரால் ஈடு செய்யலாம்; திராவகத்தைச் சேர்க்கலாகாது, ஏனெனில் வெளியேறியது நீர் மட்டுமே; குழாய் நீரும் ஆகாது, அதிலுள்ள குளோரைடும் இரும்பும் தகடுகளுக்குப் பகை. முத்திரையிட்ட வகையில் கண்ணாடி இழைப் பஞ்சின் இடுக்குகள் வழியாகப் பிராணவாயு மைனஸ் தகட்டை அடைந்து மீண்டும் நீராகிவிடுவதால் நீர் குறைவதில்லை. ஆனால் மின்னழுத்தத்தை மிதமிஞ்சி உயர்த்தினால் வாயு வால்வு வழியே வெளியேறிவிடும். அதை ஈடு செய்ய வழியே இல்லை.

வெளிப்படும் ஹைட்ரஜனைப் பற்றி அலட்சியம் கூடாது. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே அது தீப்பற்றிக்கொள்ளும் தன்மையுடையது. ஆகையால், மூடிய அறையில் சார்ஜ் போடாமல் காற்றோட்டமான இடத்தில் வைப்பதும், திறந்த வகையில் மூடிகளைத் தளர்த்துவதும் அவசியம். சார்ஜரின் கவ்விகளை முதலில் முனைகளில் பொருத்திவிட்டு, அதன் பின்னரே சுவிட்சைப் போட வேண்டும். எடுக்கும்போது சுவிட்சை அணைத்த பின்னரே கவ்விகளை நீக்க வேண்டும். முறையை மாற்றினால் கவ்வியும் முனையும் பிரியும் இடத்திலே, வாயு சூழ்ந்திருக்கும் அந்த இடத்திலேயே, பொறி பறக்கும். பேட்டரி வெடித்து முகத்தில் திராவகம் தெறித்த விபத்துகள் பல இச்சிறு கவனக் குறைவால் நேர்ந்தவை.

இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டுவைப்பதுதான் காரீயப் பேட்டரிக்கு நாம் இழைக்கும் பெருந்தீங்கு. புதிதாகப் படிந்த ஸல்பேட் நுண்ணிய படிகங்களாக இருப்பதால் எளிதில் கரையும். நாளாக ஆக அவை ஒன்றுசேர்ந்து பெரிய, கடினமான படிகங்களாக இறுகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு மின்சாரம் செலுத்தினாலும் அவை முழுமையாகத் திரும்புவதில்லை. சும்மா வைத்திருந்தாலும் பேட்டரி தானாகவே சிறிது சிறிதாக இறங்கும். உஷ்ணம் பத்து டிகிரி உயர்ந்தால் அந்த வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பதனால், நம் கோடைக்காலத்தில் வண்டியை நிறுத்திவைப்போர் மாதம் ஒரு முறையேனும் ஏற்றி வைத்தல் நலம். தினமும் ஓட்டுபவர்களும் இதற்கு விலக்கல்லர். அடுத்த தெருவுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டுமே செல்லும் வண்டி, ஒவ்வொரு முறையும் செல்ஃப் மோட்டாருக்குச் செலவிட்டதைத் திரும்பப் பெறுவதற்குள் நின்றுவிடுகிறது. 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதிய இருசக்கர வாகனங்களின் முகப்பு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொண்டது. பழைய புல்லட் வண்டிகளில் முகப்பு விளக்குக் கூண்டின் மேலேயே ஓர் ஆம்பியர் மீட்டர் பொருத்தியிருந்தார்கள். முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கொண்டு, பேட்டரி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை ஓட்டுபவர் சாலையிலேயே அறிந்துகொண்டார். அந்த மீட்டரை இன்றைய வண்டிகள் கைவிட்டுவிட்டது என் அபிப்பிராயத்தில் ஒரு நஷ்டமே.

கழற்றும் முறைக்குக் காரணம் ரசாயனத்தில் இல்லை. மின்சுற்றின் அமைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டிரண்டு கம்பிகளை இழுப்பதற்குப் பதிலாக, பேட்டரியின் மைனஸ் முனையை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு பிணைத்து, சட்டத்தையே திரும்பிவரும் பாதையாக ஆக்கியிருக்கிறார்கள். ஆகவே, மைனஸ் பூட்டப்பட்டிருக்கும் வரையில் சட்டம், இஞ்சின், ஹேண்டில் பார் ஆகிய அனைத்துமே மைனஸ் முனையின் நீட்சிகள்தாம். அந்நிலையில் பிளஸ் முனையின் போல்ட்டைத் திருகும் ஸ்பேனரின் மறுமுனை சட்டத்தை உரசினால், பேட்டரியின் இரு முனைகளும் நேரடியாக இணைந்து, நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த ஸ்பேனர் வழியே பாயும். இரும்பு பழுக்கும், போல்ட் உருகும், கையிலுள்ள மோதிரம் குறுக்கே அகப்பட்டால் விரல் வெந்துபோகும். மைனஸை முதலில் விடுவித்துவிட்டாலோ சட்டத்துக்கும் பேட்டரிக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. அதன்பின் பிளஸ் முனையில் ஸ்பேனர் எதன்மேல் பட்டாலும் சுற்றுப் பூர்த்தியாவதில்லை. மாட்டும்போது இதே நியாயத்தால் பிளஸ் முதலிலும் மைனஸ் கடைசியிலும் வருகின்றன.

காரணத்தை அறிவதன் பயன் இங்கேதான் புலப்படுகிறது. பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது மைனஸ் அன்று, பிளஸ். 'மைனஸை முதலில் கழற்று' என்று மனப்பாடம் செய்தவர் அத்தகைய வண்டியில் ஆபத்தை வலிய அழைப்பார். 'சட்டத்தோடு இணைந்த முனையை முதலில் கழற்று' என்று புரிந்துகொண்டவர் பிழைப்பார். கம்பியின் நிறத்தையும் நம்பிவிடக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். பேட்டரியின் மேல் பொறித்திருக்கும் குறியையே பார்க்க வேண்டும்.

சாவியை அணைத்துவிட்டே எதையும் தொட வேண்டும். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரிக் கம்பியைப் பிடுங்கி, வண்டி அணைகிறதா என்று சோதிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது இன்றைய வண்டிக்குப் பெருங்கேடு. இஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் எழுச்சிகளைத் தாங்கி அமைதிப்படுத்தும் பேட்டரி திடீரென்று விலகிவிட்டால், அழுத்தம் கட்டுமீறி உயர்ந்து, எரிபொருளைச் செலுத்தும் மின்னணுக் கருவியையே எரித்துவிடக்கூடும். திறந்த வகைப் பேட்டரியாயின், பக்கத்திலுள்ள சிறு ரப்பர்க் குழாயை விடுவித்து, சாய்க்காமல் நேராகத் தூக்க வேண்டும். திராவகம் தோலிலோ கண்ணிலோ பட்டால், வேறெதையும் தேடாமல், ஓடும் நீரில் குறைந்தது கால் மணி நேரம் கழுவ வேண்டும்; கண்ணாயின் அதன் பிறகு மருத்துவரிடம் சென்றேயாக வேண்டும். முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் படிவைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்துவிட்டு, வண்டியில் மாட்டி இறுக்கிய பின் சிறிது வாஸலினைத் தடவி வைத்தால் அது மறுபடி எளிதில் பூக்காது.

எத்தனை முறை ஏற்றினாலும் ஓரிரு நாளில் இறங்கிவிடும் பேட்டரியைக் குப்பையில் எறிவது கொடிது. அதிலுள்ள காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. ஆனால் அதே காரீயத்தை உருக்கி மீண்டும் மீண்டும் புதிய தகடாக வார்க்கலாம். பழையதைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் விலையில் கழிவும் கிடைக்கும். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், அதைச் சேகரித்துச் சீர்செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்தியிருக்கின்றன. புதியதாகத் திராவகம் வார்க்கப்பட்ட பேட்டரியையும் உடனே வண்டியில் மாட்டிவிடாமல், சிறிது நேரம் ஊறவிட்டு, முதல் சார்ஜை நிதானமாகக் கொடுத்தல் வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிடுகிற கடைகளில், வாங்குபவரே கேட்டுப் பெறுவது உத்தமம்.

மாட்டி முடித்த பின் செய்ய வேண்டிய சோதனை ஒன்று பாக்கி இருக்கிறது. இஞ்சினைக் கிளப்பி, சற்றே வேகம் ஏற்றி, பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால், அது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 13-க்கு மேல் ஏறவே இல்லையென்றால், பழுது பெரும்பாலும் பேட்டரியில் இல்லை. இஞ்சினுக்குள் உள்ள மின்சுருளிலோ, அதன் மாறுதிசை மின்சாரத்தை நேராக்கி ஒழுங்குபடுத்தும் ரெக்டிஃபையரிலோ இருக்கிறது. 15-ஐத் தாண்டுமானால் ஒழுங்குபடுத்தும் பகுதி செயலிழந்துவிட்டது. அது மாற்றப்படும் வரையில், எவ்வளவு உயர்ந்த பேட்டரியை வாங்கி வைத்தாலும், சில வாரங்களில் அதுவும் வற்றிப்போகும்.